துறைமுகத்தைப் பின்தொடர்ந்த மொழி: சியாமென் தீவும் ஹொக்கியென் மக்களும்

தைவான் நீரிணையில் பதற்றம் எழும்போதெல்லாம் சியாமென், கின்மென் என்ற இரு பெயர்கள் செய்திகளில் வருகின்றன. சிங்கப்பூர், மலேசியச் சீனர்களைப் பற்றி எழுதுவோர் ஹொக்கியென் என்கிறார்கள். பழைய கப்பல் ஆவணங்களில் அமோய் என்றொரு துறைமுகம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. தைவானில் பெரும்பாலோரின் வீட்டு மொழியைத் தைவானிய மொழி என்றும், மொழியியலாளர்கள் அதையே மின்னான் என்றும் குறிப்பிடுகிறார்கள். இத்தனை பெயர்களும் சீனாவின் தென்கிழக்கில் ஒரே ஆற்றுமுகத்தைச் சுற்றிய மக்களையும் அவர்கள் பேச்சையுமே குறிக்கின்றன என்பது சொல்லப்படாததால் வாசகர்கள் குழம்புகிறார்கள்.

இந்தக் கடற்கரையில் எந்தத் துறைமுகம் ஓங்கி நின்றதோ, அந்தத் துறைமுகத்தின் பேச்சே அந்தந்தக் காலத்தில் பொதுவழக்காக மதிக்கப்பட்டது. அந்த வரிசையில் மூன்றாவதாக வந்த துறைமுகம் சியாமென். அதன் மொழி ஏன் பரவியது, இன்று சொந்த ஊரிலேயே ஏன் சுருங்குகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த வரிசையிலிருந்தே விடை கிடைக்கிறது.

முதலில் பெயர்கள்

1. சியாமென், அமோய் இரண்டும் ஒரே ஊர். சியாமென் என்பது சீனாவின் பொது மொழியான மாண்டரினின் உச்சரிப்பு. ஊர் மக்கள் அதை 'ஏ-ம்ங்' என்பது போல ஒலிப்பார்கள். பக்கத்துச் சாங்சௌ வட்டாரத்தார் 'ஏ-மூய்' என்பார்கள். ஐரோப்பியர் சாங்சௌக்காரர்களிடம் கேட்டு எழுதியதால் அது அமோய் ஆயிற்று. கின்மென் தீவு பழைய நிலப்படங்களில் கெமோய் என்று இருப்பதற்கும் இதுவே காரணம்.

2. ஃபுஜியான், ஹொக்கியென் இரண்டும் ஒரே மாகாணப் பெயரின் இரு உச்சரிப்புகள். ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் ஹொக்கியென் என்றால் அந்த மாகாணத்தின் தென்பகுதி மக்களையும் அவர்கள் மொழியையும் மட்டுமே குறிக்கும். மாகாணத் தலைநகரான ஃபுசௌவின் பேச்சு வேறு. இரு சாராரும் தத்தம் மொழியில் பேசிக்கொண்டால் ஒருவருக்கொருவர் புரியாது. 1980களுக்குப் பின் நியூயார்க்கில் பெருமளவில் குடியேறிய ஃபுஜியான் மக்களில் மிகப் பலர் ஃபுசௌ பக்கத்தவர்கள். சிங்கப்பூர் ஹொக்கியென்களோடு அவர்களை ஒன்றாக்கிவிடக் கூடாது.

3. மின்னான் என்றால் தென் மின். மின் என்பது ஃபுஜியானின் சுருக்கப் பெயர். ஹொக்கியெனும், பக்கத்துக் குவாங்தோங் மாகாணத்துச் சாந்தௌ வட்டாரத்தின் தியோச்சியூவும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை.

4. தைவானிய மொழி எனப்படுவது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் தென் ஃபுஜியானிலிருந்து கடல் கடந்தவர்கள் கொண்டுசென்ற ஹொக்கியெனே. சியாமென்காரரும் தைபேக்காரரும் தம் வீட்டு மொழியில் பேசினால் பெரிய தடங்கல் இராது.

5. நான்யாங் என்றால் தென்கடல். பிலிப்பைன்ஸ் முதல் பர்மா வரையிலான நாடுகளைச் சீனர் அப்படி அழைத்தனர்.

சீன அரசு மின்னானை வட்டார வழக்கு என்றே வகைப்படுத்துகிறது. ஆனால் பெய்ஜிங்கில் பிறந்து மாண்டரின் மட்டும் அறிந்த ஒருவருக்குச் சியாமென் பேச்சில் ஒரு வாக்கியம்கூடப் புரியாது. வகைப்பாடு எதுவானாலும் பேசுவோர் நோக்கில் இது தனி மொழிதான் என்பதால் இக்கட்டுரையில் மொழி என்றே குறிப்பிடுகிறேன்.

தீவும் அதன் பின்நிலமும்

ஃபுஜியான் மலைகள் நிறைந்த மாகாணம். எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வதுண்டு. உள்நாட்டோடு தரைவழித் தொடர்பு கடினமாகவும் கடல் வழி எளிதாகவும் இருந்ததால், கடற்கரை மக்கள் மிகப் பழங்காலம் தொட்டே கப்பலை நம்பி வாழ்ந்தார்கள். தெற்கே சியூலொங் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சியாமென் தீவு இருக்கிறது. வடகிழக்கே சுவான்சௌ, மேற்கே சாங்சௌ என்ற இரு பழைய நகரங்கள் அதன் இருபுறமும் அமைந்துள்ளன.

முதலில் ஓங்கியது சுவான்சௌ. சோங், யுவான் அரசர் காலங்களில் அது உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. தமிழ் வணிகர்களும் அங்கே தங்கியிருந்தார்கள். சக ஆண்டு 1203இல், அதாவது கி.பி. 1281இல், சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் நலனுக்காகத் திருக்கதலீஸ்வரம் உடைய நாயனாரை அங்கே எழுந்தருளுவித்த செய்தியைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு 1956இல் சுவான்சௌவில் கண்டெடுக்கப்பட்டது. சித்திரை மாதத்துச் சித்திரை நாள் குறிக்கப்பட்டு, கடைசி வரி சீன எழுத்தில் அமைந்த அந்தக் கல் இப்போது சியாமென் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சியாமென் செல்வோர் பார்க்க வேண்டிய முதல் பொருள் அதுவே என்பது என் கருத்து.

பிறகு வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்தது. தடை இருந்தும் கள்ள வணிகம் பெருகியது. சியூலொங் ஆற்றுக் கழிமுகத்தின் உட்புறத்தில் இருந்த யுவேகாங் அதன் மையமாயிற்று. வேறு வழியின்றி அரசு 1567இல் தடையைத் தளர்த்தி அந்தத் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. நான்கு ஆண்டுகளில், 1571இல், ஸ்பானியர் மணிலாவைத் தலைநகராக்கினர். மெக்சிகோ வெள்ளி மணிலாவுக்கு வர, சீனப் பட்டும் பீங்கானும் யுவேகாங்கிலிருந்து அங்கே சென்றன. யுவேகாங் சாங்சௌ வட்டாரத்தைச் சேர்ந்தது. ஆகவே பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மணிலாவில் ஸ்பானியத் துறவிகள் கற்று இலக்கணம் எழுதியது சாங்சௌப் பேச்சுக்கே.

யுவேகாங் ஆழம் குறைந்த துறை. பெரிய கப்பல்கள் கழிமுகத்தின் வாயிலில் இருந்த சியாமெனை ஒட்டியே கடலுக்குச் செல்ல வேண்டியிருந்தது. சியாமெனில் 1387 முதலே ஒரு கடற்காவல் கோட்டை உருவாகியிருந்தது. 1650களில் மிங் அரச குலத்துக்கு விசுவாசமாக நின்று, சிங் அரசை நிறுவிய மஞ்சுக்களை எதிர்த்த கொக்சிங்கா, சியாமெனையும் கின்மெனையும் தளமாகக் கொண்டு போரிட்டார். அங்கிருந்தே படை திரட்டி 1661–62இல் டச்சுக்காரர்களைத் தைவானிலிருந்து வெளியேற்றினார். 1683இல் தைவானைக் கைப்பற்றிய சிங் அரசு மறு ஆண்டே சியாமெனில் சுங்கச் சாவடி அமைத்தது. முதலாம் அபினிப் போரில், 1841 ஆகஸ்டில், பிரிட்டிஷ் படை தீவைப் பிடித்தது. அடுத்த ஆண்டு நான்ஜிங் உடன்படிக்கையின்படி அயலார் வணிகத்துக்குத் திறக்கப்பட்ட ஐந்து துறைமுகங்களில் சியாமெனும் ஒன்று.

இரண்டு அகராதிகள் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. நான்யாங்கில் ஹொக்கியென் கற்ற மதப்பணியாளர் வால்டர் மெட்ஹர்ஸ்ட் 1832இல் முடித்த அகராதி சாங்சௌ வட்டாரப் பேச்சைப் பின்பற்றியது. கார்ஸ்டேர்ஸ் டக்ளஸ் 1873இல் வெளியிட்டது அமோய் பேச்சின் அகராதி. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் சாங்சௌ மொழி எவ்விதத்திலும் தாழ்ந்துவிடவில்லை. கப்பல் நிற்கும் இடம்தான் மாறியிருந்தது.

சியாமென் பேச்சின் அமைப்பு

இரு பக்கத்து மக்களும் தீவில் வந்து குடியேறியதால் சியாமென் பேச்சு சுவான்சௌ, சாங்சௌ இரண்டும் கலந்து உருவானது. தைவானிலும் அதே இரு வட்டாரத்தார் அருகருகே குடியேறினார்கள். சியாமெனும் தைவானும் ஒரே மாதிரிப் பேசுவதற்கு ஒரே கலவை இரண்டு இடங்களில் தனித்தனியே நிகழ்ந்ததே முக்கியக் காரணம்.

சொல்லின் பொருளை வேறுபடுத்தும் ஒலியேற்ற இறக்க வகைகள் மாண்டரினில் நான்கு. சியாமென் பேச்சில் ஏழு. கற்பவர்களை அலைக்கழிப்பது எண்ணிக்கையைவிட இந்த ஒலிகள் இடத்துக்கேற்ப மாறும் முறைதான். ஒரு சொல் தனியாகவோ சொற்றொடரின் இறுதியிலோ வந்தால் அதற்கு இயல்பான ஒலி. வேறொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் மாறிய ஒலி. மாற்றம் ஒரு சுழற்சியாக அமைந்துள்ளது:

1. உயர்ந்த சமநிலை ஒலி, நடுத்தரச் சமநிலையாக இறங்கும்.
2. நடுத்தரச் சமநிலை, தாழ்ந்து விழும் ஒலியாகும்.
3. தாழ்ந்து விழுவது, உயரத்திலிருந்து விழுவதாகும்.
4. உயரத்திலிருந்து விழுவது, உயர்ந்த சமநிலையாகி வட்டம் நிறைவுறும்.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'ஏ' தனியே நின்றால் நடுத்தரச் சமநிலை. பின்னால் 'ம்ங்' வருவதால் இரண்டாம் விதிப்படி அது தாழ்ந்து விழுகிறது. இறுதியில் நிற்கும் 'ம்ங்' தன் ஏறும் ஒலியை மாற்றாமல் வைத்துக்கொள்கிறது. சியாமெனில் வளர்ந்த குழந்தைக்கு இந்த விதி யாரும் சொல்லாமலே வந்துவிடும். பள்ளிக்குப் பிறகு கற்க முயல்பவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு ஒலிகளை மனத்தில் இருத்த வேண்டிய சுமை. வீட்டில் கைமாறாத தலைமுறைக்கு இந்த மொழியை மீட்டுக்கொடுப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

அடுத்தது, ஒரே எழுத்துக்குப் பேச்சுவழக்கு வாசிப்பு, ஏட்டு வாசிப்பு என இரண்டு இருப்பது. பொருள்களை எண்ணும்போது ஆறு என்பது 'லாக்', ஒன்பது 'காவ்'. ஆண்டையோ தொலைபேசி எண்ணையோ இலக்கம் இலக்கமாகப் படிக்கும்போது அவையே 'லியோக்', 'கியூ' ஆகிவிடும். பெரிய என்பது வீட்டுப் பேச்சில் 'துவா'. பல்கலைக்கழகம் என்ற ஏட்டுச் சொல்லின் முன்பகுதியாக வரும்போது 'தாய்'. பேச்சுவழக்கு வாசிப்பு மிகப் பழைய படிவம். ஏட்டு வாசிப்பு பின்னாளில் அரசவைச் சீனத்தைப் பின்பற்றிக் கற்றது. மொழியின் இரண்டு வரலாற்று அடுக்குகள் ஒரே மனிதரின் வாயில் நாள்தோறும் அருகருகே புழங்குகின்றன.

மாண்டரின் இழந்த பழைய ஒலிகளும் இங்கே நிலைத்திருக்கின்றன. சொல்லிறுதியில் ப், த், க் என்று நின்றுவிடும் ஒலிகள் அப்படிப்பட்டவை. மாண்டரினில் 'ச' ஆகிவிட்ட ஒலி, பல சொற்களில் இங்கே 'த' ஆகவே இருக்கிறது. மாண்டரினில் 'சா' எனப்படும் பானம் இங்கே 'தே'. ஹொக்கியென் வணிகர்களிடம் வாங்கிய டச்சுக்காரர்கள் வழியாக அந்தத் 'தே' ஐரோப்பா சென்றது. நம் தேயிலையில் இருப்பதும் அதுவே.

எழுத்து வடிவத்திலும் சியாமென் முன்னே சென்றது. மதப்பணியாளர்கள் இந்தப் பேச்சை ரோமன் எழுத்தில் எழுத ஒரு முறையை உருவாக்கினார்கள். சீன எழுத்துப் படிக்க வாய்ப்பற்றிருந்த பெண்களும் அதன் வழியே கடிதம் எழுதப் பழகினார்கள். 1885இல் தைவானின் தைனானில் அந்த எழுத்தில் ஒரு செய்தித்தாள் தொடங்கியது. சியாமெனை அடுத்த தொங்ஆனில் பிறந்த லூ சுவாங்சாங் 1892இல் அமோய் பேச்சுக்கு ஓர் ஒலியெழுத்து முறையை வெளியிட்டார். சீனர் ஒருவரே வகுத்த முதல் ஒலியெழுத்துத் திட்டமாக அது கருதப்படுகிறது.

புறப்பட்டவர்கள்

அமோயிலிருந்து சென்றவர்கள் என்று ஆவணங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சியாமென் தீவில் பிறந்தவர்கள் அல்லர். சுவான்சௌ, சாங்சௌ வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து, தீவில் சில நாள் விடுதியில் காத்திருந்து கப்பல் ஏறியவர்கள் அவர்கள். பாய்மரக் காலத்தில் மார்கழி, தை மாதங்களில் வீசும் வடகிழக்குக் காற்றில் புறப்பட்டு, ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றோடு திரும்புவார்கள். அந்தக் காத்திருப்பு நாள்களில் எல்லாக் கிராமத்தாருக்கும் பொதுவாகப் புழங்கியது துறைமுகத்தின் பேச்சு. அதன் மதிப்பு உயர்ந்தது இப்படித்தான்.

சென்ற வழிகளைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்:

1. உறவு வழி. முன்பே சென்று கடை வைத்தவர், தம்பியையோ மருமகனையோ அழைத்துக்கொள்வார். இதுவே மிகப் பழையது, மிக வலுவானது.

2. கடன் வழி. பயணச் செலவைத் தரகரோ முதலாளியோ கொடுப்பார். போய்ச் சேர்ந்தவர் உழைத்து அடைப்பார். இப்படி வந்து இறங்குவோரை மலாயாவில் 'சின்கே', புது விருந்தாளி என்று அழைத்தார்கள்.

3. ஒப்பந்த வழி. 1845இல் சியாமெனிலிருந்து பிரெஞ்சுக் கப்பல் ஒன்று ரியூனியன் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. தமிழ்த் தொழிலாளர்களையும் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோய் இறக்கிய அதே கரும்புத் தீவு அது. 1847இல் கியூபாவுக்கும் 1848இல் சிட்னிக்கும் கப்பல்கள் சென்றன.

மூன்றாவது வழி எண்ணிக்கையில் சிறியது, கொடுமையில் பெரியது. ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்களைக் கப்பல் வரும்வரை கொட்டடிகளில் அடைத்துவைத்தார்கள். 1852 நவம்பரில் இதை எதிர்த்து ஊரே கொதித்தெழுந்தது. பிரிட்டிஷ் கடற்படையினர் கூட்டத்தின் மீது சுட்டதில் உயிர்கள் பலியாயின. அதன் பின் இந்த வணிகம் சாந்தௌ, மக்காவ் பக்கம் நகர்ந்தது. ஹொக்கியென் மக்கள் எல்லாரும் கூலிகளாகச் சென்றவர்கள் என்று எழுதுவது பிழை. அந்தக் கொட்டடிகளைப் பேசாமல் வணிகர்களின் வெற்றியை மட்டும் எழுதுவதும் அதே அளவு பிழை.

இவ்வளவு பேர் வெளியேறியபோதும், அது சட்டத்தில் பல காலம் குற்றமாகவே இருந்தது. 1860இல் போரில் தோற்ற பிறகே சிங் அரசு வெளிநாட்டு வேலைக்குச் செல்வதை ஒப்புக்கொண்டது. திரும்பி வருவோரைத் தண்டிக்கும் பழைய சட்டம் 1893இல்தான் முறைப்படி நீங்கியது. தாய்நாட்டின் காப்பு இல்லாதவர்கள் தங்கிய இடத்தில் எத்தனை எளிதாகத் தாக்கப்பட்டார்கள் என்பதற்கு 1603இல் மணிலாவிலும் 1740இல் பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) நடந்த படுகொலைகள் சான்று.

எந்தக் கிராமத்தார் எங்கே சென்றார்கள் என்பது இன்றும் பேச்சில் தெரிகிறது. பினாங்கு, மேடான் ஹொக்கியென் சாங்சௌச் சாயல் கொண்டது. மணிலா ஹொக்கியெனில் சுவான்சௌவின் ஜின்ஜியாங் வட்டாரச் சாயல். சிங்கப்பூரில் கலவை அதிகம். சியாமென் பேச்சுக்கு அது நெருக்கம். பினாங்கின் புகழ்பெற்ற கூ கொங்சி குலத்தாரின் பூர்விகக் கிராமம் இப்போது சியாமென் நகராட்சியின் ஹைசாங் மாவட்டத்தில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் விடுதலை வீரர் ஹொசே ரிசாலின் மூதாதை ஒருவர் ஜின்ஜியாங்கிலிருந்து சென்றவர். அந்நாட்டின் அன்றைய அதிபர் கொரசோன் அகினோ 1988இல் சாங்சௌ அருகே உள்ள தம் கொள்ளுத் தாத்தாவின் கிராமத்துக்கே வந்து வணங்கினார்.

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் இந்த வரலாறு கட்டடமாகவே நிற்கிறது. கடல் தெய்வமான மாசோவுக்கு ஹொக்கியென் மக்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயிலும், தமிழ் முஸ்லிம்கள் 1828–30இல் கட்டிய நாகூர் தர்காவும் ஒரே தெருவில், அன்று கடல் அலை தொட்ட கரையில் அமைந்தவை. பயணம் முடிந்து கரையேறிய இரு மக்களும் தத்தம் நன்றியைச் செலுத்திய இடங்கள் அவை. மலேசியத் தமிழர் வாயில் புழங்கும் தவுக்கே (முதலாளி), மீ (நூடுல்ஸ்) போன்ற சொற்கள் இந்த அண்டை வாழ்வின் பயன்.

கடிதத்தோடு வந்த பணம்

ஊருக்குப் பணம் அனுப்பும் முறையை விரிவாகச் சொல்ல வேண்டும். தென் ஃபுஜியானின் பொருளாதாரமே அதில் தங்கியிருந்தது. கடிதத்துக்கு ஹொக்கியெனில் 'ஃபே' என்று பெயர். மாண்டரின் உச்சரிப்பில் அந்த எழுத்து 'பி'. புலம்பெயர்ந்தோரின் பணக் கடிதங்கள் ஆகவே 'சியாவ்பி' எனப்படுகின்றன. முறை இது:

1. சிங்கப்பூரிலோ மணிலாவிலோ உள்ள கடிதக் கடைக்குத் தொழிலாளி செல்வார். எழுதத் தெரியாதவருக்குக் கடைக்காரரோ தெருவோரக் கடிதம் எழுதுபவரோ எழுதிக் கொடுப்பார். அனுப்பும் தொகை உறையின் மீதே எழுதப்படும்.

2. கடை எண்ணிட்டுப் பதிந்து, கடிதங்களைக் கட்டாகக் கப்பலில் அனுப்பும். இந்தக் கடைகள் வருவதற்கு முன், 'நீர் விருந்தாளி' எனப்பட்ட நம்பகமான பயணிகள் கையோடு எடுத்துச் சென்றார்கள்.

3. சியாமெனில் உள்ள கிளை கட்டுகளைப் பிரித்து, பணத்தை உள்ளூர் நாணயமாக மாற்றும்.

4. கடிதம் கொண்டுசெல்பவர் கிராமம் கிராமமாக நடந்து, வீட்டு வாசலிலேயே பணத்தைக் கொடுப்பார். அங்கேயே ஒரு சிறு தாளில் பதில் எழுதி வாங்கிக்கொள்வார். அந்தப் பதில் கடல் கடந்து போய்ச் சேர்ந்தால்தான் பணம் கிடைத்தது உறுதியாகும்.

சியாமென் அருகே லியூசுவான் கிராமத்தில் 1880இல் குவோ யூபின் தொடங்கிய தியானி கடிதக் கடை இத்தொழிலில் பெரும்பெயர் பெற்று, நான்யாங் எங்கும் கிளை பரப்பி, 1928இல் மூடப்பட்டது. எஞ்சியுள்ள இத்தகைய கடிதங்கள் 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. முழு முறையும் முகமறிந்த நம்பிக்கையில் இயங்கியது. அந்த நம்பிக்கை ஒரே ஊர், ஒரே பேச்சு என்ற அடையாளத்தில் வேர் கொண்டிருந்தது. சாங்சௌ கிராமத்தான் சாங்சௌ பேசுபவர் நடத்தும் கடையையே நாடினான். மொழி இங்கே வங்கிப் பிணை செய்யும் வேலையைச் செய்தது.

ஊரைக் கட்டியெழுப்பிய பணம்

இரண்டு மனிதர்களைச் சொன்னால் போதும். சுவான்சௌ வட்டாரத்து நான்ஆனைச் சேர்ந்த ஹுவாங் யீசு முடிதிருத்தும் தொழிலாளியாகச் சென்று, ஜாவாவின் செமராங்கில் சர்க்கரை வணிகத்தில் பெருஞ்செல்வர் ஆனார். 1919இல் திரும்பி, சியாமெனுக்கு எதிரே உள்ள குலாங்யூ தீவில் குடியேறி, நகரின் குடிநீர் விநியோகத்தையும் தொலைபேசியையும் அமைக்க முதலீடு செய்தார். 1902 முதல் பன்னாட்டுக் குடியிருப்பாக இருந்த குலாங்யூவில் இப்படித் திரும்பியவர்கள் கட்டிய மாளிகைகளும் சேர்ந்தே 2017இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

மற்றவர் தான் கா கீ. சியாமெனுக்கு எதிர்க்கரையில் ஜிமெய் என்ற ஊரில் 1874இல் பிறந்து, 1890இல் சிங்கப்பூர் சென்று, அன்னாசிப் பதனீட்டிலும் ரப்பரிலும் பொருள் ஈட்டினார். சொந்த ஊரில் 1913 முதல் பள்ளிகள் திறந்தார். நாற்பது லட்சம் வெள்ளி நாணயம் தருவதாக வாக்களித்து, 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். உலகப் பொருளாதார மந்தத்தில் அவர் நிறுவனம் சரிந்து 1934இல் மூடப்பட்டது. அதன் பிறகும் பல்கலைக்கழகத்தைக் கைவிடாமல், 1937இல் அரசிடம் ஒப்படைக்கும்வரை தாங்கினார். அவர் அழைப்பில் வந்து அந்தப் பதினாறு ஆண்டுகளும் அதன் தலைவராக இருந்த லிம் பூன் கெங் சிங்கப்பூரில் பிறந்தவர்.

இந்தப் பணத்தின் பின்னால் ஒரு குடியுரிமைச் சிக்கலும் இருந்தது. 1909இன் சிங் சட்டம் சீனத் தந்தைக்குப் பிறந்த எவரையும், எங்கே பிறந்திருந்தாலும், சீனக் குடிமகனாகக் கொண்டது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு இது சந்தேகத்தை வளர்த்தது. 1955இல் பாண்டுங்கில் சீனாவும் இந்தோனேசியாவும் இரட்டைக் குடியுரிமையை முடிவுக்குக் கொண்டுவர உடன்படிக்கை செய்தன. 1980இன் சீனச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. சிங்கப்பூர், மலேசிய, பிலிப்பைன்ஸ் ஹொக்கியென்கள் அந்தந்த நாடுகளின் குடிமக்கள். செய்திகளில் அவர்களைப் பெய்ஜிங்கின் மக்களாகச் சித்திரிப்பது சட்டப்படியும் தவறு, அவர்கள் வாழ்வுக்கும் பொருந்தாது.

கின்மென்: அதே மொழி, எதிர்க்கரை

1949இல் சியாமென் கம்யூனிஸ்டுகளிடம் வந்தது. சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கின்மெனைக் கைப்பற்ற அவர்கள் செய்த முயற்சி தோற்றது. ஒரே மொழி பேசி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரு தீவுகள் எதிரெதிர் அரசுகளின் கீழ் வந்தன: சியாமென் பெய்ஜிங்கின் கீழ், கின்மென் தைவானின் கீழ். 1958 ஆகஸ்ட் 23 அன்று தொடங்கிய பீரங்கித் தாக்குதலில் கின்மென் மீது நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன என்பது தைவான் தரப்பின் கணக்கு. 1979 தொடக்கத்தில்தான் குண்டுவீச்சு முற்றாக நின்றது. 2001இல் இரு தீவுகளுக்கும் இடையே படகுப் போக்குவரத்து அனுமதிக்கப்பட்டது. 2018 முதல் கின்மெனுக்கு ஃபுஜியானிலிருந்து கடலடிக் குழாய் வழியே குடிநீர் செல்கிறது. நெருக்கமும் அச்சமும் ஒரே நீர்ப்பரப்பில் சேர்ந்திருப்பதால்தான், அங்கே ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தாலும் அது உலகச் செய்தியாகிறது.

துறைமுகம் வளர, மொழி சுருங்குவது ஏன்?

1980இல் சீனா நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களை அறிவித்தது. ஷென்சென் ஹாங்காங்குக்காக, சூஹாய் மக்காவுக்காக, சாந்தௌ தியோச்சியூ மக்களுக்காக. சியாமென் தைவானையும் நான்யாங் ஹொக்கியென்களையும் எண்ணித் தேர்ந்தெடுக்கப்பட்டது. தொடக்கத்தில் 2.5 சதுர கிலோமீட்டராக இருந்த மண்டலம் 1984இல் தீவு முழுவதற்கும் விரிந்தது. 2020 கணக்கெடுப்பில் சியாமென் நகராட்சியின் மக்கள்தொகை 51 லட்சத்தைத் தாண்டியது. 2017இல் பிரிக்ஸ் உச்சி மாநாடு இங்கே நடந்தபோது இந்தியப் பிரதமரும் வந்திருந்தார். துறைமுகம் இன்று முன்னெப்போதையும்விடப் பெரியது.

ஓங்கும் துறைமுகத்தின் பேச்சே பரவும் என்றால், சியாமென் பேச்சு இன்று உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. காரணங்களை இப்படிப் பிரிக்கலாம்:

1. துறைமுகத்துக்கு வருபவர்கள் மாறினார்கள். முன்பு வந்தவர்கள் சுவான்சௌ, சாங்சௌ கிராமத்தார். அவர்களுக்குச் சியாமென் பேச்சு நடுவழி. இப்போது சீனாவின் எல்லா மாகாணங்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு நடுவழி மாண்டரின்.

2. 1956 முதல் பள்ளியிலும் அலுவலகத்திலும் மாண்டரின் அரசால் பரப்பப்பட்டு, வீட்டு மொழி வகுப்பறைக்கு வெளியே நின்றது.

3. புலம்பெயர்ந்த நாடுகளிலும் அதுவே நடந்தது. சிங்கப்பூர் 1979இல் மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கி, வானொலி, தொலைக்காட்சியில் ஹொக்கியெனை ஏறத்தாழ இல்லாமல் செய்தது. பாட்டியும் பேரனும் பேசிக்கொள்ளப் பொது மொழியின்றிப் போன வீடுகள் பல. அந்த இழப்பு தேவையற்றது என்றே கருதுகிறேன். மாண்டரின் கற்பதற்கு ஹொக்கியெனை மறந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

முதல் காரணமே அடிப்படையானது. துறைமுகத்தின் அளவு ஒரு மொழியைப் பரப்புவதில்லை. அங்கே கூடும் மக்களுக்கு இடையில் எந்தப் பேச்சு பாலமாகிறது என்பதே முடிவு செய்கிறது.

ஹொக்கியென் உலகின் மையம் இப்போது தைவானுக்கு நகர்ந்திருக்கிறது. 1987 வரை படைச்சட்டம் நிலவிய காலத்தில் பள்ளியில் தைவானிய மொழி பேசிய மாணவர்களைத் தண்டித்த அதே நாடு, 2018இல் நாட்டு மொழிகள் வளர்ச்சிச் சட்டத்தை நிறைவேற்றி, 2022 முதல் நடுநிலைப் பள்ளியிலும் வீட்டு மொழி வகுப்பைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. அங்கேயும் இளையோரிடம் மாண்டரினே ஓங்கியிருக்கிறது; ஆனாலும் தேர்வு, பாடநூல், தொலைக்காட்சி அலைவரிசை, சட்டப் பாதுகாப்பு ஆகிய நான்கும் உள்ளன. சியாமெனில் மின்னான் பண்பாட்டைக் காக்கும் திட்டங்கள் இசை, நாடகம், குழந்தைப் பாடல் ஆகியவற்றின் அளவில் நிற்கின்றன. ஏழு ஒலிகளும் அவற்றின் சுழற்சியும் பாடலில் நிலைக்கா. வீட்டில் நாள்தோறும் பேசினால்தான் நிலைக்கும். மண்டலம் தொடங்கிய பிறகு தீவில் பிறந்தவர்கள் இப்போது பெற்றோர்களாகிவிட்டார்கள். தம் பிள்ளைகளோடு அவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தே, அடுத்த தலைமுறையில் இந்த மொழியைச் சியாமெனில் கற்க முடியுமா, அல்லது தைபேக்கோ பினாங்குக்கோ போய்த்தான் கற்க வேண்டுமா என்பது முடிவாகும்.